சீட்டு விழாதவர்

மே பதினான்கு. காலை ஆறரைப் பூசைக்கு
என்னைச் சேர்க்காமல் ஏழு பேர்.
இரவெல்லாம் யூகோ காற்று அடித்து
தீவு முழுக்க ஈரமாகக் கிடந்தது.
டோன் யுராய் சிவப்பு அணிந்திருந்தார்,
திருத்தூதர் நாள் அல்லவா.
தோளில் போன வருட மெழுகுக் கறை
துவைத்தும் போகவில்லை. துவைத்தது நான்தான்.

முதல் வாசகமும் நான்தான்.
முந்தின இரவே பக்கத்தைப் பார்த்துவைப்பேன்.
நேற்று பார்க்கவில்லை.
நேற்று வேறொரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்து ஆலையில்
மத்தி மீனுக்குத் தலை வெட்டும் மேசை.
இருபத்தாறு வருடமாக எனக்கு எதிரே தூன்யா.
இனி ஒருத்தி போதும் என்றார்கள்.
வேகம் பார்த்தார்கள், சரிக்குச் சரி.
வயது, விடுப்பு, அதுவும் சரிக்குச் சரி.
மேலாளர் விட்கோ, நல்ல மனிதர்தான்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
ஒரு காலி டப்பா கேட்டார்.
எண்ணெய் படாத டப்பா.
மடித்த காகிதம் இரண்டு.
தூன்யாவுக்குச் சீட்டு விழுந்தது.
எனக்குச் சீட்டுக் கிழிந்தது.

இன்று வாசக மேடையில் நின்று
புத்தகத்தைத் திறந்தால்
அதே டப்பா.

யூதாசின் இடம் காலி.
நூற்றிருபது பேர் நெருக்கியடித்த கூட்டம்.
இருவரை முன்னே நிறுத்துகிறார்கள்.
ஒருவருக்கு மூன்று பெயர்:
யோசேப்பு, பர்சபா, யுஸ்து.
மற்றவருக்கு ஒரே பெயர்.
அந்த ஒரு பெயரை வாசிக்கும்போது
என் நாக்கில் உப்புக் கரித்தது.
மூன்றாம் பெஞ்சில் தூன்யா.
வேலைநாளில் கோயில் பக்கம் வராதவள்.
கோட்டுக்கு அடியில் ஆலையின் நீல அங்கி.

‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்றேன்.
ஆறு பேர் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள்.

நற்செய்தியில் இயேசு சொல்கிறார்,
இனி உங்களைப் பணியாளர் என்று சொல்ல மாட்டேன் என்று.
நேற்று விட்கோவும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்.
பொங்கிய சிரிப்பை இருமலாக்கி விழுங்கினேன்.
நண்பர்கள் என்று வரும் அடுத்த வரி
சரியாகக் கேட்கவில்லை.
டோன் யுராய்க்குத் தொண்டை கட்டியிருந்தது.

மறையுரை முழுக்க மத்தியா.
நான் மற்றவரோடு போய்விட்டேன்.
யோவான் ஆற்றில் முழுக்குக் கொடுத்த நாள் முதல்
கூடவே நடந்த கால்கள் அவருடையதும்தான்.
அதே புழுதி, அதே பட்டினி.
அன்று மாலை எங்கே சாப்பிட்டிருப்பார்?
பந்தியில் புதியவருக்கு இடம் விட்டு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாரா?
இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று
குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனாரா?
‘வாழ்த்துகள்’ என்று சொன்னாரா,
நான் சொன்னதுபோல், டப்பாவைப் பார்த்துக்கொண்டே?

எழுதியவர் அவரை அந்த வரியோடு விட்டுவிட்டார்.
பூசை முடிந்து பக்கங்களைப் புரட்டினேன்.
மத்தியாவையும் அந்த வரியோடு விட்டிருக்கிறார்.
இது எனக்கு ஆறுதலா என்று தெரியவில்லை.

சக்ரீஸ்து வாசலில் தூன்யா.
‘அந்த மேடை விளக்கு மங்கல்,
உனக்கு எழுத்துத் தெரிகிறதா?’ என்றாள்.
அதைக் கேட்கவா வந்தாள்.
தெரிகிறது என்றேன்.

என் பையில் கத்தரிக்கோல் இருந்தது.
நான் இடக்கைக்காரி.
திரியெஸ்தில் நாலு கடை ஏறி வாங்கிய இடக்கைக் கத்தரி.
அவள் வலக்கைக்காரி, அவள் கையில் அது வெட்டாது.
இருபத்தாறு வருடமாக இருவருக்கும் தெரியும்.
எடுத்து நீட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல் வாங்கி
நீல அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.
அப்போது ஆலைச் சங்கு ஊதியது.
படியில் வழுக்கி, சமாளித்து, ஓடினாள்.

பீடத்து மெழுகுதிரிகளை அணைத்தேன்.
திரி நீளமாகக் கருகி நின்றது.
நறுக்கக் கத்தரிக்கோலுக்குப் பையில் கைவிட்டேன்.
பிறகு விரலாலேயே கிள்ளினேன்.
மீன் வாடை போகாத விரல்,
அதன்மேல் கொஞ்சம் கரி.