இரண்டாவது ஐயாயிரம்

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது.
ஒன்பதாம் கேள்வி: உங்கள் முதல் நினைவு.
நினைவு என்று கேட்டால் எனக்கு வராது.
ஓர்மை என்றால் வரும்,
குலசேகரத்தில் எல்லோருக்கும் போல.
வந்தது:
ஷீட்டு உலர்த்தும் புகைப்புரை,
உள்ளே தம்பி,
வெளியே தாழ்ப்பாளில் என் கை.

அதை எழுதவில்லை.
கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மூங்கில் சீவல், வண்ணத்தாள்
என்று நாலு வரி எழுதினேன்.

ஏன் உளப்பகுப்பாய்வு? ஆயிரத்தைந்நூறு சொற்களுக்குள்.
தக்கலைக் குடிமறுவாழ்வு மையத்தில்
ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என் வேலை.
ஞானாபரணம் என்றொரு கொத்தனார்
பதினோரு வாரம் வந்து ஒரே வாக்கியம் சொன்னார்:
"கதவுக்கு இடம் விட்டது நான்தான்."
பன்னிரண்டாம் வாரம் வரவில்லை.
எந்தக் கதவு என்று நான் கேட்டிருக்கவே இல்லை.
இதற்கு முந்நூறு சொல் போதுமாயிருந்தது.
மீதியைப் படித்த புத்தகங்களால் நிரப்பினேன்.

பிறகு கணக்கு.
பயிற்சிக்கு வருபவர் முதலில் தானே படுக்க வேண்டும்,
வாரம் மூன்று அமர்வு, அமர்வுக்கு ஆயிரத்தைந்நூறு.
மேற்பார்வைக்குத் தனி. வகுப்புக்குத் தனி.
ஷீட்டு விலையில் ஓர் அமர்வு எட்டு கிலோ.
எங்கள் நூற்றெண்பது மரமும் சேர்ந்து
ஒருநாள் விட்டு ஒருநாள் தருவது நாலு.
வெட்டுவது தம்பி பெல்வின்.
வராத நாளுக்கும் கட்டணம் உண்டென்று
விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.
மழையென்றால் எங்களுக்குப் பால்வெட்டு கிடையாது.
அதற்காக மரம் யாரிடமும் காசு கேட்டதில்லை.

விண்ணப்பக் கட்டணம் ஐயாயிரம்
இரண்டு முறை போய்விட்டது.
நெட்வொர்க், என்றேன்,
பம்பாயிலிருந்து திரையில் தெரிந்த திருமதி தாருவாலாவிடம்.
எங்கள் பக்கம் மலை. சிக்னல் வரும், போகும்.
அவர் தலையசைத்தார்.
"முதலாவது உங்களுக்கு.
இரண்டாவது யாருக்குக் கட்டினீர்கள்?"

சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

பெல்வினின் பாலிடெக்னிக்குக்கும் என் எம்.ஏ.வுக்கும்
கடைசி நாள் ஒரே செவ்வாய்க்கிழமை.
அப்பா ஒரு சலான்தான் நிரப்பினார்.
இதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி
பாதியில் தமிழுக்கு வந்திருக்கிறேன், தெரியாமல்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
நிறுத்தச் சொல்லவும் இல்லை.
புகைப்புரையையும் சொன்னேன்.

முடிக்கும்போது கேட்டார்:
"உங்களால் எவ்வளவு முடியும்?"
கருங்கல் சந்தையில் அயிலைக்கு நான் மல்லுக்கட்டுவேன்.
அங்கே அவர்கள் சொல்வார்கள், நான் குறைப்பேன்.
இங்கே விலை சொல்ல வேண்டியது நான்.
அறுநூறு, என்றேன்.
குறைத்துச் சொன்னேனா கூட்டிச் சொன்னேனா
இன்னும் தெரியவில்லை.
எழுதிக்கொண்டார்.

கூடுதலாகப் போன பணம் மூன்றாம் நாள் திரும்பியது.
முப்பது ரூபாய் பிடித்திருந்தார்கள்.

விடிய நாலு மணி.
நெற்றி விளக்கோடு பெல்வின் முன்னால்,
சிரட்டை துடைத்துக்கொண்டு நான் பின்னால்.
"என்ன கேட்டாவ?"
"ஒன்னப் பத்தி."
"என்னப் பத்தி கேக்க என்ன கெடக்கு?"
காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டான்.
"படிச்சிட்டு வந்து என்னையும் படுக்க வச்சுக் கேப்பியோ?"
"சொந்தத்துல உள்ளவங்களைப் பாக்கக் கூடாது. விதி இருக்கு."
"அப்ப நல்லது."
அடுத்த மரத்துக்குப் போனான்.

புகைப்புரை ஓர்மை உண்டா, என்றேன்
அவன் முதுகைப் பார்த்து.
விளக்கு பட்டைமேல் ஒரே இடத்தில் நின்றது.
கத்தியும் நின்றது.

"மழை வரும்போலக் கெடக்கு," என்றான்,
"சிரட்டைய நேரா வை."