நாற்பத்தேழாம் எண் மனை

யுகாதி விடுமுறை.
பேருந்தின் நெற்றியில் கட்டிய மாவிலை
அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது.
ஹெசரகட்டா தாண்டி இறங்கியபோது மணி ஏழு.

"பறவை பார்க்கப் போகலாமா" என்று
தணிகைவேல் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
மணமான பதினோரு ஆண்டில்
அவர் பார்த்த ஒரே பறவை
ஏசி பெட்டியின் மேல் முட்டையிட்ட புறா.
அதையும் துடைப்பத்தோடுதான் பார்த்தார்.

பைனாகுலர், என்னோடு வேலை பார்க்கும் ஜெரோமுடையது.
இடது கண்ணில் பூஞ்சை.
எந்தப் பறவையும் எனக்கு
பாதிப் பனிக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

புங்கமரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன,
எண்ணெய் தேய்த்து வெயிலில் விட்ட
குழந்தை முதுகின் மினுமினுப்பு.
கம்பியில் ஒரு கரிச்சான்.
முள்வேலியில் கீச்சான்,
திருடன்போல் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு.
புல்லிலிருந்து ஒரு வானம்பாடி கிளம்பி
ஏறிக்கொண்டே பாடியது,
பாட இன்னும் இருக்கிறதென்று இன்னும் ஏறியது,
பிறகு கை நழுவிய கல்லாய் விழுந்தது.
நான் நோட்டில் எழுதினேன்.
அவர் கற்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கற்கள் என்றால்
வெள்ளையடித்துச் சிவப்பில் எண் போட்ட கற்கள்.
முப்பத்தொன்பது. நாற்பது.
புல்வெளிக்கு யாரோ பல் கட்டியிருந்தார்கள்.

"காத்து நல்லா வருதில்லே?" என்றார்.
கொஞ்ச தூரம் போய்,
"தண்ணி நானூறு அடியிலேயே இருக்காம்."
நான் பைனாகுலரை இறக்கினேன்.
"எவ்வளவு கொடுத்தீங்க?"
"அட்வான்ஸ்தான்."
"என் வளையலா?"
அவர் வானத்தைப் பார்த்தார்.
அந்த நேரம் பார்த்து
அங்கே ஒன்றும் பறக்கவில்லை.

அப்போதுதான் அது கத்தியது.
மூக்கில் சிவப்பு, காலில் மஞ்சள்,
தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி
நாலு ஊருக்குக் கேட்கும்படி ஒரு சண்டை.
ஆட்காட்டி.
ஒளிந்து வரும் ஆளைக் காட்டிக்கொடுக்குமென்று
யாரோ வைத்த பெயர்.
எங்களில் எந்த ஆளை இது காட்டுகிறதென்று தெரியாமல்
இருவருமே தலை குனிந்து நடந்தோம்.

அதனால்தான் மிதிக்கவில்லை.

ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில்
ஜல்லியைப் போலவே நான்கு.
மண் நிறம், மேலே மசி தெறித்த புள்ளிகள்,
கூர்முனைகள் உள்நோக்கி,
தாயம் ஆட உட்கார்ந்த நால்வர்போல்.
கூடென்று ஒன்றும் இல்லை.
ஒரு துரும்பைக்கூடச் சுவராக வைக்கவில்லை.
பக்கத்துக் கல்லில் நாற்பத்தேழு.

தணிகைவேல் ஒற்றைக் காலில் நின்றார்.
தூக்கிய காலை எங்கே வைப்பதென்று
என்னைப் பார்த்தார்.
"நம்மளோடது" என்றார், மெல்ல.
மனையைத்தான் சொன்னாரா என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆட்காட்டி சற்றுத் தள்ளி இறங்கி
ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு
அடிபட்டதாக நடித்தது.
என்னைப் பிடி, என்னைப் பிடி என்று
நொண்டி நொண்டிப் போனது.
எனக்குக் கோபம் ஆறவில்லை.
இருந்தும் அந்தப் பொய்யின் பின்னால்
அது கூப்பிட்ட திசையிலேயே நடந்தேன்.
கொஞ்சம் பொறுத்து, ஜல்லியில்
அவர் செருப்புச் சத்தம்.

திரும்பும் பேருந்தில்
ஒப்பட்டு டப்பாவை இருவரும் திறக்கவில்லை.
பக்கத்து சீட்டுக் குழந்தை அதையே பார்த்தது.
ஜாலஹள்ளி தாண்டியதும் கேட்டார்:
"பொரிக்க எத்தனை நாளாகும்?"
"இருபத்தெட்டு இருக்கும். என்னைக்கு இட்டதோ."

பத்திரப் பதிவு வருகிற பதினெட்டாம் நாள்.
அதற்கு முன்பே ரோலர் வந்துவிடும்.
இதை அவர் சொல்லவில்லை,
உதடு அசைந்ததில் தெரிந்தது.

கட்டைவிரலில் தொடங்கி எண்ணினார்.
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
மறுபடி எண்ணினார்,
இந்த முறை சுண்டுவிரலிலிருந்து.