பந்திக்கொரு ள

மான் கடித்த வயரோடு மவுஸ் மேசையில் கிடக்கிறது.
பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரிகிற அதே கூட்டம்தான்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் சோறு தின்னப் போன நேரம்
ஒன்று உள்ளே நுழைந்து
யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழ்க் கொப்பியையும்
ஊர்ப்பெயர் வரை தின்றிருக்கிறது.

"புது மவுஸ் நாளைக்குத்தான். பூட்டுவமா?" என்கிறார் நிஜாம்தீன் நானா.
வாசலில் எமல்டா அக்கா நிற்கிறா,
பாலையூற்றிலிருந்து, இந்த வெயிலில்.
பூட்டவில்லை.

பதினொரு வருசம் பாமினியில் தட்டி
விசைகளின் ஆங்கிலம் தேய்ந்து போயிற்று.
என் விரலுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
கொன்ட்ரோலோடு உ தொட்டால் பிரதி.
பிள்ளையார் சுழி போடாமல் நான் எதையும் நகலெடுத்ததில்லை,
நானாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
எ தொட்டால் ஒட்டும்.
ண தொட்டால் செய்தது இல்லையென்றாகும்;
ண-வில் தொடங்க ஒரு சொல்லும் இல்லைத்தானே தமிழில்,
அது பின்னால்தான் நடக்கும்.
கரண்டை நம்பேலாது.
பந்திக்கொரு ள, சேமிக்க.

ஆல்ட், டாப்.
கட்டாருக்கு நான் எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பம் ஒளிந்துகொள்ள
அக்காவின் மனு முன்னுக்கு வருகிறது.
எட்டாவது மனு.
அதே ஒரு ஏக்கர், அதே முள்ளுக்கம்பி,
'தயவுகூர்ந்து' அதே நான்கு இடங்களில்.
வருசம் மாறவேண்டும், வயது மாறவேண்டும்.

அதற்குக் கொன்ட்ரோலோடு கால்.
துணைக்காலைத்தான் சொல்கிறேன்.
காலைப் பிடித்தால்தான் மாற்றம்;
கச்சேரியில் வேலை பார்த்த ஒருவன்தான்
இந்தக் கீபோட்டைச் செய்திருப்பான்.
57 என்று வருவதெல்லாம் 58 ஆகுக.
என்டர்.
மூன்று இடத்தில் மாற்றியதாகச் சொல்கிறது பெட்டி.
நான் எண்ணியிருந்தது இரண்டு.

வாசித்துக் காட்டச் சொன்னா. வாசித்தேன்.
"...காய்க்கும் தென்னை 58..."
"நில்லு தம்பி. ஐம்பத்தேழெல்லோ?
வைச்சது அவர்.
எண்ணி எண்ணித் தண்ணி ஊத்தினது நான்."

விரல் ண-வுக்குப் போயிற்று.
"இரு" என்றா.
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
திரைக்குக் கிட்டப் போய்
அந்த இலக்கத்தைப் பார்த்தா,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"இத்தனை வருசமாத் தேங்காய் பொறுக்க ஆளில்லை.
விழுந்ததில ஒண்டாவது முளைச்சிருக்காதே?"

உத்தியோகத்தர் எண்ணிப் பார்த்தால் என்று இழுத்தேன்.
"எண்ணட்டும்.
எண்ணுறதெண்டால் கேற்றைத் திறக்கவேணுமெல்லோ."

ஷட்டருக்குக் கீழால் ஈரமூக்கு ஒன்று நீள,
நானா தும்புத்தடியோடு எழும்பினார்.
பிரின்டர் சூடாக நேரமெடுக்கும்.
நான் ள தொட்டேன்.
கரண்ட் இருக்கும்போதே
இன்னொரு தடவையும் தொட்டேன்.