வொனோக்ரோமோ, ஒன்று

சுரபாயாவின் தெருவை மறித்துக் கிடக்கிறது டிராம்,
நாங்கள் ஏழு பேர் புரட்டிப் போட்டது.
"கண்ணாடி, பார்த்து" என்றார் கண்டக்டர் பொனிமான்.
போன வாரம்வரை அவர் துடைத்த கண்ணாடி.

கப்பலிலிருந்து குண்டு விழும்போதெல்லாம்
மணி தானாக அடிக்கிறது.
முதல் தடவை
அவர் கை தோல்பையைத் தேடிப் போனது.
சிரித்துவிட்டோம்.
காஸ்மிரா மட்டும் மூங்கில் ஈட்டியைச் சாய்த்து வைத்து
ஐந்து சென் நீட்டினாள்:
"வொனோக்ரோமோ, ஒன்று."
கிழித்துக் கொடுத்தார், சில்லறையோடு.

தெற்கே பின்வாங்கிய இரவு
அவளை ஒரு கதவில் கிடத்தித் தூக்கி வந்தோம்.
ஆற்றுப் பாலத்தருகே இறக்கினோம்.
நனைந்த சட்டைப்பையில் டிக்கெட்.
பொனிமான் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தார்.
ஓட்டை போட்டிருக்கவில்லை.
"செல்லும்" என்றார்,
மடித்து
அங்கேயே வைத்தார்.