ஜாபர்கான்பேட்டை, தரைத்தளம்

தண்ணீர் இரவு ஒன்றரைக்கு வந்தது.
டர்ன்டேபிள் இரண்டையும்
தலையில் வைத்து மாடியேறினேன்.
தட்டுகளுக்கு மூன்றாவது கை இல்லை.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
மூர் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் எடுத்தவை,
மவுண்ட் ரோட்டில் மூடிப்போன பாரின்
பின்வாசலில் பேரம் பேசியவை,
ராயபுரத்து வீடொன்றில்
முறத்தோடு முறமாய்ச் சாய்ந்து கிடந்தவை.
ஸ்க்ராட்ச் பழகிய முதல் தட்டு
உரக் கம்பெனி விளம்பரம்.
யூரியா, யூரி, யூ, யூ, யூரியா:
எட்டு மாதம், மேல்வீட்டு கோமதிநாயகம் சார்
ஃபியூஸைப் பிடுங்கும்வரை.

நான்காம் நாள் வடிந்தது.
அட்டையெல்லாம் கூழ்.
ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்
நூற்றைம்பது வாங்கிக் கழுவினேன்.
எதிர்வீட்டு நஸ்ரீன்
பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டுக்குக் கிளிப் போட்டிருந்த
அதே மொட்டைமாடிக் கொடியில்
நடு ஓட்டை வழியே கயிறு கோத்து,
ஆஞ்சநேயருக்குச் சாத்திய வடைமாலை மாதிரி.

லேபிள்கள் கரைந்துவிட்டன.
எது எதுவென்று அறிய
ஒவ்வொன்றாய் ஊசி வைக்க வேண்டும்.
பதினான்கு மாதம் வைத்தேன்.

நடுவில் பிழைப்பு.
வானகரம் ரிசப்ஷன்களில்
"குத்து போடுப்பா" என்று
நூறு ரூபாயை மிக்ஸரில் செருகும் சித்தப்பாக்கள்.
நகைக்கடைக்கு இருபது நொடி ஜிங்கிள்,
"செய்கூலி இல்லை"யில் பேஸ் போதவில்லை என்றார் முதலாளி.
ஈ.சி.ஆரில் ஒரு ராப் இரவு:
வந்தவர்கள் பதினோரு பேர்,
நாலு பேர் எங்கள் ஆட்கள்,
ஒருவர் ஜெனரேட்டர்காரர்.

அறுநூற்று எண்பதாவது தட்டில்
பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன்
ஏழு நொடி பாங்கோஸ்.
அடிப்பவர் மூன்றாவது அடியைத்
தாமதிக்கிறார்,
பஸ் கிளம்பியபின் படியில் கால் வைப்பவனைப் போல.
விழவில்லை.

வெட்டினேன். சுற்றவிட்டேன்.
எர்ணாவூர் லெனின்ராஜ் அதன்மேல்
மீட்டர் வட்டியைப் பற்றி ராப் செய்தான்.
கொஞ்சம் ஓடியது.
ஷேர் ஆட்டோக்களில் கேட்டேன்,
ஒருமுறை சைதாப்பேட்டை கோர்ட் எதிரே
ஜூஸ் கடையில், மிக்ஸி இரைச்சலுக்கு நடுவே.

பெரம்பூரிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.
"அது எங்க அப்பா, ஃபிலோமின்ராஜ்.
மூணாவது அடிக்கு முன்னாடி மூச்சு இழுப்பார்,
கேட்டுப் பாருங்க."
கேட்டேன். இருந்தது.
சாலிகிராமத்திலிருந்து ஒருவர்:
"எங்க பெரியப்பா சார். சுண்டுவிரல் லேத்துல போச்சு.
அதான் லேட்டா விழுது."
கேட்டேன். அதுவும் இருந்தது.
துபாயிலிருந்து பேசியவர்
காஜா மொய்தீன் என்று பெயரை மட்டும் சொன்னார்,
பிறகு வெகுநேரம் மூக்கை உறிஞ்சினார்.

மூன்று பெயரையும் போட்டேன்.
இடம் இருந்தது.

நான்காவதாக வக்கீல்.
மெட்டு அவருடைய கட்சிக்காரருடையது,
தாமதமும் சேர்த்து.
வந்த பதினெட்டாயிரத்தில்
பாதியை எழுதிக் கொடுத்தேன்.

இப்போதும் அந்தத் தட்டை வைத்தால்
பாங்கோஸுக்கு அடியில் ஒரு கரகரப்பு:
ஷாம்புக்குப் போகாத ஆற்று வண்டல்.
அதைக் கேட்டு மட்டும்
யாரும் போன் செய்யவில்லை.

அடுத்த ஆல்பத்தில்
பாங்கோஸைக் குறைத்து
அதைக் கூட்டி வைத்திருக்கிறேன்.