சொல்லுக்கு இவ்வளவு

தந்தியில் சொல்லுக்குக் காசு.
ஆகவே எங்களூரில் சாவுகூடச் சுருக்கமாகத்தான் வரும்:
அப்பா மோசம் உடன் வா.
பதினொரு வருடம் திருக்கோணமலைத் தபால் கந்தோரில்
அந்தக் கவுண்டரில் இருந்தவள் நான்.
வீணான சொல்லை வெட்டத் தெரியும்.

குரிஹாரா நத்சுயோ முதல் வந்தது ஆவணி மத்தியானம்.
கச்சான் அடித்து மேசைப் படிவமெல்லாம் பறந்தன.
சீனன்குடாவில் எழும்பிக்கொண்டிருந்த சீமெந்து ஆலையில்
புருஷன் எஞ்சினியர்.
கையில் விமானத் தபால் உறை, உள்ளே ஐந்து கவிதை;
மாதாமாதம் பத்தாம் தேதிக்குள் ஒசாகா போகவேண்டும்.
தராசில் வைத்தேன்.
ஐந்து கவிதையும் உறையும் சேர்த்து ஏழு கிராம்.

அவளிடம் ஓர் அகராதி,
பருவத்துக்குப் பருவம் சொற்களை அடுக்கிவைத்தது.
தவளை என்றால் வசந்தம். மான் என்றால் இலையுதிர்காலம்.
பருவம் இல்லாத கவிதையை
ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

மானா? வெளியே எட்டிப் பார் என்றேன்.
மதிலோரம் மூன்று மான்
வாழைப்பழத் தோலுக்குச் சண்டை பிடித்தன.
சித்திரையிலும் மான், மார்கழியிலும் மான்.

அவளுடைய அரைகுறைத் தமிழிலும் என் அரைகுறை ஆங்கிலத்திலும்
கம்பிக்கூடாக நான் விளங்கிக்கொண்டது இவ்வளவு:

      பஸ் தரிப்பிடம்—
      சுவரொட்டியை வேட்பாளர் வாய்வரை
      தின்றுவிட்ட மான்

திரும்பி வந்தது, சிவப்பு மையில் ஒரு வரியோடு.
என்னவாம்?
'எந்தப் பருவம் என்று கேட்கிறார்.'
தேர்தல் பருவம் என்று எழுதியனுப்பு என்றேன்.
வாயைப் பொத்தாமல் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவளூரில் பனி கூரைவரை ஏறுமாம்.
மீன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினாள்;
நெத்தலிப் பெட்டிகளின் கூட்டுத்தொகைக்குக் கீழே
பென்சிலால் முதல் கவிதை.
கலியாணத்துக்குப் பிறகு சோறு வேகும் நேரத்தில்.
மூடி துள்ளுவதற்குள் முடிக்கவேண்டும்.
அடுப்படிக் கவிதை என்றார்களாம் ஆண்கள்.
'அவர்கள் நிலாவைப் பார்த்த இரவுகளிலும்
யாரோ அவர்களுக்குச் சோறு வைத்தார்கள்' என்றாள்,
முத்திரையை நாக்கில் தடவிக்கொண்டே.

ஒருநாள் அகராதியை உள்ளே தள்ளினாள்.
இங்கே பருவம் என்று எதைச் சொல்வாய்?
காற்றைச் சொன்னேன். கச்சான், உதடு வெடிக்கும்.
வாடை, கடல் கலங்கி மூதூர் லாஞ்சி நின்றுபோகும்.
கொண்டல். சோழகம்.
என் பெயரையே தபமரரு என்பவள்
ழகரத்தில் வழுக்கி வழுக்கி எழும்பினாள்.
கோடை முடியும் பக்கத்தில்
அச்சடித்தவர்கள் விட்ட வெற்றிடத்தில் எழுதிவைத்தாள்.

அடுத்த ஆடி. வருடம் சொல்லத் தேவையில்லை.
வெளிநாட்டவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.
ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி உள்ளே ஓடிவந்தாள்.
கடிதம் இனிப் பத்தாம் தேதிக்குப் போய்ச் சேராது.
தந்திப் படிவத்தில் ரோமன் எழுத்தில் ஒன்பது சொல்.
விளங்காமலே எழுத்தெழுத்தாகத் தட்டினேன்,
வெட்ட ஒரு சொல்லும் அகப்படவில்லை.
என்ன எழுதினாய் என்றதற்கு
வெளியே கை காட்டினாள்.
கடையெல்லாம் பூட்டு. கடற்கரைப் பக்கம் புகை.
நடுத்தெருவில் மான்கள்,
ஹோர்ன் அடிக்க ஒருவரும் இல்லை.

படிவத்தின் பிரதியை நான் எரிக்கவில்லை. சட்டப்படி பிழை.

சுனாமிக்குப் பிறகு உப்புவெளியில் கூடாரம் அடிக்க வந்த
ஜப்பான் பெடியன் ஒருவனிடம் காட்டினேன்.
விரல் மடக்கி எண்ணினான்: ஐந்து, ஏழு, ஐந்து.
பூட்டு என்றான். மான் என்றான்.
பிறகு நெற்றியைச் சுருக்கி,
முதல் சொல் எங்கள் மொழியில் இல்லை, எழுத்துப் பிழை,
தந்தி அடித்தவர் தவறாக அடித்திருக்கிறார் என்றான்.

சோரகமு.

அதற்கும் அன்று காசு வாங்கியிருந்தேன்.