நிறுவைக் கொப்பி

எங்கள் கம்பனிக்கு இருந்தது ஒரே விமானம்,
பத்தொன்பது இருக்கை.
பலாலியில் ஆளையும் நிறுப்போம், பையையும் நிறுப்போம்.
கொப்பியில் பதிவது என் வேலை:
சவுந்தரநாயகி, நாற்பத்தொரு கிலோ,
கறுத்தக்கொழும்பான் ஏழு கிலோ.
"கூடிப்போச்சு, பழத்தை விட்டிட்டுப் போங்கோ."
செருப்பைக் கழற்றி வைத்தா.
பிறகு குடையை.
பழத்தை விடவில்லை.

கடல் வரும்வரை யன்னலை மூடச் சொல்வார்கள்;
ஊரைப் பாராமலே ஊரை விட்டார்கள்.

கண்டி வீதி திறந்தது.
பஸ்ஸில் ஆரும் ஆளை நிறுப்பதில்லை.
பதின்மூன்று பேர், பிறகு நாலு,
பிறகொருநாள்
விமானியும் ஒரு கடிதக் கட்டும்.

கம்பனி பூட்டிய பின்னேரம்
தராசில் நானே ஏறி நின்றேன்.
ஐம்பத்திரண்டு.
பெயரும் எழுதினேன்.
போகுமிடம் என்ற கட்டத்தில்
பேனை
நெடுநேரம் நின்றது.